இலைக்கு வந்த நோயும் மனிதர்க்கு வந்த நோயும்: மலைநாட்டின் தொழில் மீட்சி பற்றி ஓர் ஆய்வு

இலங்கையின் மத்திய மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எழுதப் புகும் எவரும், அத்தோட்டங்களே ஒரு கொள்ளைநோயின் பிள்ளைகள் என்பதை முதலிற் சொல்லிவிடுவது நலம். 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்துக் கோப்பிச் செடிகளின் இலையடியில் செம்மஞ்சட் பொடியாகத் தென்பட்ட பூஞ்சணம் பதினைந்து ஆண்டுகளுக்குள் ஒரு தேசத்தின் பிரதான வருமானத்தைத் தின்று தீர்த்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் கதவை மூடிற்று. துரைமார் பலர் கப்பலேறினர். அவர்களுக்காக உழைத்த தமிழ்க் கூலிகள், கிடைத்த கூலியோடும் கிடையாத கூலியோடும், வந்த வழியே மாத்தளைக் காடுகளினூடாக மன்னாரை நோக்கி நடந்தனர். மனிதரைத் தொடாத நோய்தான் அது. ஆயினும் மனிதரைத் தொட்ட நோய்களுள் எத்தனை அதனளவு மனிதரைப் பெயர்த்தன என்று கேட்டால் விடை சொல்வது எளிதன்று.

அந்த வீழ்ச்சியிலிருந்து மலைநாடு எழுந்த விதம், இன்று நாம் பிரதேசத் தொழிற்கொள்கை என்று பெயரிட்டு வழங்கும் காரியத்தின் முதல் உதாரணமென்றே எனக்குப் படுகிறது, அன்று அப்பெயர் எவர் வாயிலும் இருந்திராவிடினும். நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் 1861ஆம் ஆண்டிலேயே அரசாங்கம் சிங்கோனா நாற்றுமேடை ஒன்றை அமைத்திருந்தமையால், கோப்பி சாய்ந்தபோது தோட்டக்காரர் கையில் உடனே நடுவதற்கு ஒரு மாற்றுப் பயிர் இருந்தது. சிங்கோனாவின் விலையும் விரைவில் விழுந்ததாயினும், தேயிலை காலூன்றும் வரை சில ஆண்டுகளை அது தாங்கிப் பிடித்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலை அதற்குள் முதிர்ந்திருந்தது. இலைநோயை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் இளம் தாவரவியலாளர் 1880இல் வரவழைக்கப்பட்டார். எல்லாவற்றிலும் விசேஷம், கோப்பி இறந்துகொண்டிருந்த அதே காலத்தில், ஏற்றுவதற்குச் சரக்கு இருக்குமோ இராதோ என்ற ஐயம் தீராத நிலையிலேயே, புகையிரதப் பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டிற்று என்பதாகும். நஷ்டத்தின் நடுவே போடப்பட்ட அந்தத் தண்டவாளத்தின் மீதுதான் பின்வந்த தேயிலைச் செல்வம் முழுவதும் கீழிறங்கியது.

தொழிலாளியின் கூலி தோட்டத்தின் மீதான முதற் கடன் என்றும், தோட்டம் கைமாறினாலும் பிற கடன்காரருக்கு முன் அதுவே தீர்க்கப்படவேண்டும் என்றும் சட்டம் ஏற்பட்டதும் அதே 1884ஆம் ஆண்டிலேதான். இதைக் கருணையின் விளைவென்று கொள்ள வேண்டியதில்லை. இலங்கைக்குப் போனால் கூலி கிடைக்காது என்ற சொல் கடலைத் தாண்டித் திருச்சி, சேலம் ஜில்லாக் கிராமங்களை எட்டிவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஆள் வராது என்பது வெள்ளைக்காரருக்குத் தெரிந்தே இருந்தது. காரணம் எதுவாயினும், மீட்சிக் கணக்கில் தொழிலாளியின் பெயர் முதல் வரியில் எழுதப்பட்ட சந்தர்ப்பம் அது. 2020இல் மனிதர்க்கு வந்த நோயின்போது அப்பெயர் எந்த வரியில் எழுதப்பட்டது என்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் உத்தேசம்.

2020 மார்ச் 20ஆந் திகதி மாலை நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. பாராளுமன்றம் அம்மாதத் தொடக்கத்திலேயே கலைக்கப்பட்டுவிட்டது. ஆகஸ்ட் 5ஆந் திகதித் தேர்தல் வரை அது மீளவில்லை. மத்திய மாகாண சபையோ 2018 ஒக்டோபரில் ஆயுள் முடிந்து, தேர்தலின்றி, ஆளுநரின் கையில் இருந்தது. ஆகவே ஒரு பிரதேசத்தின் தொழில்களுக்கு என்ன நேர்கிறது என்று கேட்டுச் சொல்லத்தக்க, அப்பிரதேசத்து ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை ஒன்று, பிரதேச சபைக்கு மேற்பட்ட படியில் எங்கும் இருக்கவில்லை. தீர்மானங்கள் செயலணிகளின் வழியாகவும் சுற்றறிக்கைகளின் வழியாகவும் கொழும்பிலிருந்து வந்தன. நோய்க் காலத்தில் விரைவு வேண்டும் என்பது மெய்தான்; ஆனால் விரைந்து வருகின்ற கட்டளை, தனக்குத் தெரிந்த வீதிகளின் வழியாக மாத்திரமே வரும்.

அந்த வீதிகளுள் அகலமானது தேயிலை. ஊரடங்கு நாடு முழுவதையும் வீட்டுக்குள் வைத்தபோது தோட்டங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. அசாமிலும் டார்ஜிலிங்கிலும் அதே மார்ச் மாதத்தில் இந்திய அரசின் முழுமுடக்கம் தோட்டங்களைச் சில வாரங்கள் மூடியதால், ஆண்டின் மிகச் சிறந்த முதற் கொழுந்து செடியிலேயே முற்றிப் போயிற்று. இலங்கை அந்தப் பிழையைச் செய்யவில்லை. தேயிலைச் செடியின் இயல்பை அறிந்தவர்கள் இதன் நியாயத்தை ஒப்புக்கொள்வார்கள். ஏழெட்டு நாட்களுக்கு ஒரு முறை எடுக்கவேண்டிய கொழுந்தை மூன்று வாரம் விட்டுவைத்தால் அது இலையாகிவிடும். பின்னர் வெட்டி எறிந்து, செடி மீண்டும் துளிர்க்கும் வரை காத்திருக்க வேண்டும். ஆகவே காலையில் ஆட்கணக்கு எடுக்கும் பிரட்டுக்களத்தில் ஒரு பாக இடைவெளி விட்டு நிற்கச் சொல்லி, முகக்கவசம் அணிவித்து, பெண்களை மலைக்கு அனுப்பினார்கள். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேர் படுத்தெழுந்து வருபவர்களுக்கு மலையில் மட்டும் ஒரு பாக இடைவெளி! அந்த ஏற்பாட்டின் வேடிக்கை அவர்களுக்கே முதலில் விளங்கியது.

ஆனாலும் கொழுந்து எடுத்தால் மாத்திரம் போதாது, விற்க வேண்டும். இவ்விடத்தில் நிகழ்ந்த மாறுதல் இந்நோய்க் காலத் தொழிற்கொள்கை முழுவதிலும் மிகச் செம்மையாக நடந்த காரியமாகையால் சற்றே விரித்துச் சொல்கிறேன். 1883 ஜூலையில் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம், நூற்று முப்பத்தாறு ஆண்டுகளாக, வாங்குவோரும் தரகரும் ஓர் அறையில் கூடி, வாயால் விலை கூறும் சம்பிரதாயத்திலேயே நடந்து வந்தது. அதைக் கணினிக்கு மாற்றவேண்டும் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்து, ஒவ்வொரு முறையும், தேயிலை வியாபாரம் முகம் பார்த்துச் செய்வது என்ற ஒரே விடையில் அடங்கிப் போயிற்று. மார்ச் நடுவில் ஏலம் நின்றது. ஏலம் நின்றால் தரகர் பணம் நிற்கும். தரகர் பணம் நின்றால், ஹட்டனிலும் தலவாக்கலையிலும் உள்ள தோட்டக் காரியாலயங்களில் பத்தாந் திகதிச் சம்பளம் நிற்கும். அது நின்றால் மஸ்கெலியாக் கடைவீதியின் பற்றுக் கொப்பிகள் நிற்கும். இந்தச் சங்கிலியை எண்ணிப் பார்த்த வர்த்தக சம்மேளனமும் தேயிலை வர்த்தகர் சங்கமும் தேயிலைச் சபையும் சில நாட்களுக்குள் மின்னேல முறையைப் பொருத்தி, ஏப்ரல் 4ஆந் திகதி முதலாவது விற்பனையை நடத்திவிட்டன. மாதிரித் தேயிலைப் பொட்டலங்கள் வாங்குவோர் வீட்டுக்குச் சென்றன. சுவைஞர்கள் தத்தம் சமையலறையில் தண்ணீர் கொதிக்க வைத்துச் சுவைத்தார்கள். விலை திரையில் ஏறி இறங்கியது. ஊரடங்கு போனபின்னும் பழைய அறை திரும்பவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. கொள்கை வகுப்போரும், தொழிலை நடத்துவோரும், அத்தொழிலின் அன்றாட ஓட்டத்தை அறிந்தவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமரக்கூடியவர்களாக இருந்த இடத்தில் மீட்சி பதினெட்டே நாட்களில், அரசாங்கப் பணம் பெரிதாக எதுவும் செலவாகாமல், நிகழ்ந்தது. அந்த மேசை கொழும்பிலே இருந்தது. அதற்கு இணையான மேசை ஒன்று ஹட்டனில் இருக்கவில்லை.

அதன் விளைவைக் கடன் திட்டத்தில் காணலாம். மத்திய வங்கி சௌபாக்கியா கொவிட்-19 மறுமலர்ச்சி வசதி என்னும் பெயரால், நூற்றுக்கு நான்கு வட்டியில், ஆறு மாதத் தவணை விலக்குடன், தொழில்முதலுக்கான கடனை அறிவித்தது. முதலில் 5,000 கோடி ரூபா என்றிருந்த தொகை ஜூன் மாதத்தில் 15,000 கோடியாக உயர்ந்தது. பழைய கடன்களின் தவணைகளும் ஒத்திவைக்கப்பட்டன. வெளிச் சந்தையில் அதைப்போல் மும்மடங்கு வட்டி கேட்ட காலத்தில் இது பெரிய உதவியே என்பதை நான் மறுக்கவில்லை. பல நிறுவனங்கள் இதனால் உயிர்தரித்தன. ஆனால் கடன் வசதி என்பது வங்கிகளின் வழியாகப் பாயும் நீர். வங்கியில் ஏற்கெனவே வாய்க்கால் வெட்டி வைத்திருந்தவனுக்கே அது வந்து சேரும்.

எனக்குப் பழக்கமான தையற்காரர் ஒருவர் ஹட்டன் கடைவீதியின் பின்சந்தில் இரண்டு இயந்திரங்களோடு தொழில் செய்துகொண்டிருந்தார். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சட்டை, பள்ளிக்கூடம் தொடங்கும் ஜனவரியில் வெள்ளைச் சீருடை, இடைக்காலத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பிற் கட்டும் படங்குக்கு ஓரந்தைத்தல் என்று அவருடைய வருஷம் ஓடும். பள்ளிகள் மூடியதும் சீருடை நின்றது. அந்த ஜூலையில் அவர் என்னிடம் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார்; வங்கியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. முந்திய மூன்று வருஷத்துக் கணக்கறிக்கை, வியாபாரப் பதிவுச் சான்று, காணி உறுதியின் இலக்கம், அரசாங்க உத்தியோகத்தர் இருவருடைய பிணை என்று நான்கு கட்டங்கள். அவரிடமிருந்த கணக்கு, நாற்பது பக்கச் சிட்டைக் கொப்பி ஒன்று. அதில் வாடிக்கைக்காரரின் மார்பளவும் கை நீளமும் ஒரு பக்கம், தந்த முற்பணம் மறுபக்கம். வீடு டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தகப்பனார் பேரில் தங்கியிருக்கும் அறை. அதற்கு உறுதி எது? மூன்றாவது கட்டத்துக்கு எதிரே ஒரு சிறு கோடு இழுத்துவிட்டு, எழுதுகோலை மூடி வைத்தார். படிவம் கொடுக்கப்படவே இல்லை. ஆகவே நிராகரிக்கப்பட்டோர் எண்ணிக்கையிலும் அவர் சேர்ந்திருக்கமாட்டார்.

இந்த ஒற்றைக் கோட்டின் பின்னே ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, பின்னர் நெடுங்காலக் குத்தகையாயிற்று. நிலம் அரசினுடையது, செடி கம்பனியுடையது, உழைப்பு தொழிலாளியுடையது. லயத்து அறை எவருடையது என்பதற்குத் தெளிவான விடை இல்லை. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டங்களுக்குள் ஒரு பாதையைச் செப்பனிடவும் சபைகளுக்குத் தடை இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிரதேசத்துக்கென்று புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை ஒன்றும் தோன்றியது. நோய் வந்தபோது அந்த அதிகாரசபைக்கு வயது இரண்டு. வீடு கட்டுவதன்றித் தொழிலுக்குத் தோள் கொடுக்கும் வல்லமை அதற்கு வழங்கப்பட்டிருக்கவில்லை. பெயரளவில் பிரதேசத்துக்கென்று ஒரு நிறுவனம் இருந்தும், மீட்சிப் பணத்தின் ஒரு சதமும் அதன் கைவழியாகப் பிரதேசத்துத் தொழில்களுக்குப் போகவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை என்பதே எனக்கு வியப்பளிக்கிறது.

தேயிலையை விட்டுச் சற்று விலகிப் பார்த்தால் இப்பிரதேசத்தின் மற்றைத் தொழில்கள் தோன்றும். நுவரெலியா நகரம் ஏப்ரல் மாதத்தால் வாழ்வது. மலர்க் காட்சியும் குதிரைப் பந்தயமும் கிரகறி வாவிப் படகுகளும் சேர்ந்த அந்த ஒரு மாத வசந்த காலத்தின் வருமானத்திலே, விடுதிக்காரரும் குதிரைக்காரரும், கம்பளிச் சட்டையும் ஸ்ட்ரோபெரியும் விற்போரும் எஞ்சிய மாதங்களைத் தள்ளுவர். 2019 ஏப்ரல் 21இல் ஈஸ்டர் ஞாயிறுக் குண்டுகள். 2020 ஏப்ரலில் ஊரடங்கு. 2021 ஏப்ரலில் கூட்டம் வந்தது, அதன் பின்னே மூன்றாம் அலையும் வந்தது. 2022 ஏப்ரலில் எரிபொருளும் இல்லை, மின்சாரமும் இல்லை. அடுத்தடுத்து நான்கு வசந்தங்களில் இடரைக் கண்ட நகரத்துக்கு ஆறு மாதத் தவணை விலக்கு என்பது, மழைக்காலம் முழுவதற்கும் ஒரு குடையை அரைநாள் இரவல் கொடுப்பதைப் போன்றது. கரட்டும் லீக்ஸும் கோவாவும் பயிரிடும் கமக்காரரின் கதை வேறு வகை: லொறி ஓடாத முதல் வாரங்களில் மரக்கறி நிலத்திலேயே கிடந்து அழுக, அதே வாரங்களில் கொழும்பில் அதன் விலை ஏறிற்று.

கணக்கிலேயே வராத தொழில் ஒன்றும் இங்கே உண்டு, அது கொழும்பு. புறக்கோட்டைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வீடுகளிலும் வேலை செய்து மாதந்தோறும் பணம் அனுப்பிவந்த தோட்டத்து இளைஞரும் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். அந்தப் பணம் நின்றதோடு, அவர்கள் வரவே ஓர் அச்சமாகவும் மாறிற்று. ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தைக் கொத்தணி பரவியபோது ஹட்டன் நகரமும் மூடப்பட்டது. லயத்து அறையில் தனிமைப்படுத்தல் என்பது, ஒருவனுக்காக ஒரு லயமே அடைபடுவது. அப்படி அடைபட்ட பதினான்கு நாளுக்கும் பேர், அதாவது நாட்கூலிக்கான பதிவு, விழாது. பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஏற்றுமதி நிறுவனத்தின் நஷ்டத்தை அளப்பதற்கு ஆயிரம் வழி கண்ட கொள்கைக்கு, செக்ரோல் புத்தகத்தில் விழாமற் போன பேர்களை எண்ணுவதற்கு ஒரு வழி தோன்றவில்லை.

சம்பளத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். நாளொன்றுக்கு ஆயிரம் ரூபா என்ற கோரிக்கை நோய்க்கு முந்தியது. அதை வற்புறுத்திவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் 2020 மே 26ஆந் திகதி காலமானார். இறுதிக் கிரியைக்காக நுவரெலியா மாவட்டத்துக்கென்றே தனி ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு, நோர்வூட்டில் தகனம் நடந்தது. 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வர்த்தமானி அடிப்படைச் சம்பளம் 900 ரூபா, வரவுசெலவுத் திட்டப் படி 100 ரூபா என்று நிர்ணயித்தது. கம்பனிகள் நீதிமன்றத்தை நாடின. கூட்டு ஒப்பந்தம் என்னும் பழைய ஏற்பாடு அத்தோடு முறிந்தது. பின்னர் பல தோட்டங்களில் ஒரு பேருக்குரிய கொழுந்தின் அளவு உயர்த்தப்பட, குறைந்தவர்களுக்கு அரைப் பேர் விழ, வர்த்தமானியின் ஆயிரம் மடுவத்துத் தராசில் எழுநூறாகவும் ஐந்நூறாகவும் கரைந்தது. கம்பனிகளின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. ஒரு கிலோ தேயிலையின் உற்பத்திச் செலவில் பெரும்பங்கு கூலியாயிருக்க, ஏல விலை தங்கள் கையில் இல்லை என்கிறார்கள், அது உண்மையே. ஆனால் கடனுக்கு வட்டிச் சலுகை தரத் தெரிந்த அரசு, கூலியின் ஒரு பகுதியை நோய்க் காலம் முடியும் வரை தான் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக ஆட்குறைப்பும் அரைப் பேரும் கூடாது என்று நிபந்தனை விதித்திருக்கலாம். ஜெர்மனியும் பிரித்தானியாவும் அக்காலத்தில் கூலியின் ஒரு பகுதியை அவ்வாறே ஏற்றன. அவ்வளவு பணம் நம்மிடம் ஏது என்று கேட்பவர்கள், 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட வரிக்குறைப்புகளை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.

பிறகு வந்தது, நோயைவிடப் பெரிய நோய். உற்பத்திக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும்: 2019இல் ஏறத்தாழ 30 கோடி கிலோ, ஆண்டுத் தொடக்கத்து வரட்சியும் நோயும் சேர்ந்த 2020இல் 27.8 கோடி, 2021இல் மறுபடியும் 30 கோடியை ஒட்டி. தொழில் மீண்டுவிட்டது என்று சொல்லத்தக்க அந்த ஆண்டின் மே 6ஆந் திகதியே இரசாயன உர இறக்குமதி ஒரு வர்த்தமானியால் தடுக்கப்பட்டது. 2015இல் களைநாசினி ஒன்றைத் தடுத்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தளர்த்திய அனுபவம் கையில் இருந்தும், 1925இல் தொடங்கப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் கருத்தைக் கேட்டு நடக்கும் பொறுமை இல்லாமல் அது செய்யப்பட்டது. 1946இல் கொப்புள நோய் தேயிலையைத் தாக்கியபோது அந்நிலையத்தின் சொல்கேட்டுச் செப்பு மருந்தடித்து இத்தொழில் தப்பியது என்பதை நினைக்கையில், வருத்தம் இரட்டிப்பாகிறது. தடை அவ்வாண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டதாயினும், உரமில்லாச் செடியின் சோர்வு 2022இல் வெளிப்பட்டு, உற்பத்தி 25 கோடியளவில் விழுந்தது. ரூபாவின் வீழ்ச்சியால் ஏல விலை கிலோவுக்கு ஆயிரத்து இருநூறைக் கடந்ததால் ஏட்டில் வருமானம் குறையவில்லை. குறைந்தது கொழுந்து, கொழுந்து குறைந்தால் பேர்.

தேசியத் தேயிலைக் கொள்கை மலைநாட்டைக் காப்பாற்றாததற்கு இன்னுமொரு காரணம், இன்றைய இலங்கைத் தேயிலையின் பெரும்பகுதி மலைநாட்டில் விளைவதே இல்லை என்பதாகும். நாட்டின் விளைச்சலில் நான்கில் மூன்று பங்கை ஒட்டி விளைவிப்போர் சிற்றுடைமையாளர்; அவர்களுள் பெரும்பாலோர் காலி, மாத்தறை, இரத்தினபுரி முதலிய மாவட்டங்களின் தாழ்நிலத்தவர். அவர்களுக்கு உறுதியுள்ள காணி உண்டு, வாக்கு வலிமை உண்டு, வங்கிக் கணக்கு உண்டு. நாட்டுக்கென்று வகுத்த திட்டம் அவர்களுக்குப் பொருந்துவதைப்போல, நாலாயிரம் அடிக்கு மேலே, சொந்த நிலமற்ற கூலியாட்களைக் கொண்டு இயங்கும் உயர்நிலத் தோட்டத்துக்குப் பொருந்தாது. நோய்க்கு முன்னரே, 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நாடளாவிய வறுமை நூற்றுக்கு 14.3 ஆயிருக்கத் தோட்டப்புறத்தின் வறுமை 33.8 ஆக இருந்தது. இந்த இரண்டு எண்களுக்கும் ஒரே மருந்து போதும் என்று கருதியதே அடிப்படைப் பிழை என்பது என் துணிபு.

இனிச் செய்யத்தக்கது யாது என்னும் விவாதத்தில் இப்போது அதிகமாக அடிபடுவது, வெளியார் உற்பத்தி முறை என்று கம்பனிகள் வழங்கும் ஏற்பாடு: குடும்பமொன்றுக்குச் சில நூறு அல்லது ஆயிரம் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, நாட்சம்பளத்தை விடுத்து, எடுக்கும் கொழுந்துக்கு மாத்திரம் விலை தருவது. நூற்றைம்பது வருஷத்துப் பிரட்டுக்களத்தை இது முடிவுக்குக் கொண்டுவரக்கூடும் என்று நம்புவோர் உண்டு. அந்நம்பிக்கையில் எனக்கும் சிறிது பங்குண்டு, காணியும் எழுத்தில் சேர்ந்து வருமானால். பொகவந்தலாவைப் பக்கத்தில் இம்முறைக்கு வந்த ஒரு தோட்டத்துக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். கொழுந்து மடுவத்தில் பழைய தராசு அதே கொக்கியில் தொங்கியது, கணக்கப்பிள்ளையும் அவரே. தன் பங்குச் செடிகளின் கொழுந்தைச் சாக்கிலிருந்து கொட்டிய அம்மாள் ஒருவர், துண்டை வாங்கி என்னிடம் காட்டினார். நிறை இருபத்தாறு கிலோ. ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு மூன்று. உரத்துக்கும் மருந்துக்கும் மாத முடிவிற் பிடிக்கவேண்டிய தொகை கீழே சிவப்பு மையில். செடிகளின் இலக்கம் எழுதியிருந்தது. காணி என்றொரு கட்டம் அத்துண்டில் அச்சிடப்பட்டிருக்கவில்லை.